அறுபது சதவீதம்

மெக்சிகோவின் கெரேத்தரோவில் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் தங்கள் ஆங்கிலத்தைச் சதவீதத்தில்தான் எழுதுவார்கள். எந்தத் தராசில் நிறுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் தன்னுடையதையும் தட்டில் வைக்க வேண்டி வரும். பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் இன்ஜினியர் அரிஸ்மெண்டிக்குத் தொண்ணூற்றைந்து. மீதி ஐந்தைத் தன்னடக்கத்துக்காக விட்டுவைத்திருந்தார். தரப் பரிசோதகன் நிக்கானோருக்கு அறுபது. அவன் மனுப் போட்டிருந்த ஷிப்ட் மேற்பார்வையாளர் பதவிக்கோ எழுபது வேண்டும்.

"வியாழக்கிழமை நம்ம சரக்கு வாங்குற அமெரிக்கக் கம்பெனி, மிச்சிகன்காரங்க, போன்ல வருவாங்க. நீயும் வந்து உக்காரு. நீ பேசுறதப் பாத்துட்டு மார்க் போடுறேன்" என்றார் அரிஸ்மெண்டி.

நிக்கானோர் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தான். தரத்தில் தொடர்ந்து முன்னேறுவதே எங்கள் உறுதி என்பது அதன் சாரம். நான்கு நாளாகக் குளியலறையில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில் சோளமாவு டமாலேயை மென்றபடி அதையே முணுமுணுத்தான்.

"டமாலேய முழுங்கிட்டுப் பேசு, குண்டா" என்றாள் மனைவி மரிக்ரூஸ். "வாய்ல மாவோட பேசினா அந்த மிச்சிகன்காரம்மா போன வச்சிடப் போறா."

வியாழன் பதினோரு மணி. மேஜை நடுவே இருந்த ஸ்பீக்கர் போன் பெட்டியிலிருந்து மிச்சிகன் டோரீனின் குரல் மடை திறந்த மாதிரி கொட்டியது. அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் அரிஸ்மெண்டி "யெஸ், பெர்ஃபெக்ட், நோ ப்ராப்ளம்" என்றார். கொள்முதல் பிரிவு ரெஃபூஹியா, எண்பது சதவீதம், தலையாட்டினாள். புரியவில்லை என்ற சொல் அந்த அறையில் அதுவரை ஒலித்ததே இல்லை.

ஒன்றும் புரியாதவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அறுபது சதவீதக்காரன்தான் கேட்ட சொற்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் சிக்கியவை நான்கு சொற்கள்: துளை, வரைபடம், நிறுத்து, வெள்ளி. எதை நிறுத்துவது? வெள்ளிக்குள் அனுப்பவா, வெள்ளி வரை அனுப்பாமல் இருக்கவா? இரண்டு மணிக்கு ஒன்பதாயிரம் பாகங்களோடு லாரி கிளம்புகிறது.

அரிஸ்மெண்டி பொத்தானை அழுத்தி, தங்கள் பேச்சு அந்தப் பக்கம் கேட்காதபடி அடைத்தார். "ரொம்பத் திருப்தியாம் நம்ம வேலைல."

"இன்ஜினியர், அவங்க எதையோ நிறுத்தச் சொன்ன மாதிரி…"

"உன் அறுபதுக்கு அப்படித்தான் கேக்கும்."

பொத்தானை மறுபடி அழுத்தினார். வேறு ஏதாவது உண்டா என்று டோரீன் கேட்டாள். அரிஸ்மெண்டி கண்ணைக் காட்டினார். நிக்கானோர் வாயைத் திறந்தான். நான்கு நாள் மனப்பாடம் வரவில்லை. வந்தது வேறு.

"மன்னிக்கணும். எனக்குப் புரியல. மெதுவா இன்னொரு தடவ சொல்லுங்க."

ரெஃபூஹியா குனிந்து செருப்பைப் பார்த்தாள். பிறகு டோரீன் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. புது வரைபடம் வெள்ளிக்கிழமை வரும். அதுவரை ஒரு லாரிகூடக் கிளம்பக் கூடாது.

"ஆறு மாசமாப் பேசுறேன்" என்றாள். "ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்ல. உங்க எல்லாருக்கும் எல்லாம் புரியுதுன்னுல்ல நெனச்சேன்."

போனை வைத்ததும் ரெஃபூஹியா லாரியை நிறுத்த ஓடினாள். அரிஸ்மெண்டி காகிதங்களை நிதானமாக அடுக்கினார். "புரியலன்னு நீயே ஒத்துக்கிட்ட. அதுவும் இங்கிலீஷ்ல. எழுபது எப்படிப் போடுறது? ஐம்பதுன்னு போட்டிருக்கேன்."

அன்று வீட்டில் அவனுக்கு டமாலே இறங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை டோரீன் வணக்கம் சொன்ன கையோடு கேட்டாள்: "போன வாரம் புரியலன்னாரே, அவர் இருக்காரா?" நிக்கானோரைத் தளத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அவள் பேசி முடித்தாள். அரிஸ்மெண்டி வழக்கமான யெஸ்ஸை வாய்வரை கொண்டுவந்து, நிறுத்தி, பொத்தானை அழுத்தினார்.

"நிக்கானோர், புரியலன்னு சொல்லு."

இந்த முறை நிக்கானோருக்குப் பெரும்பாலும் புரிந்திருந்தது.

"ஐம்பதுக்கு அவ்வளவு பேச வராதே, இன்ஜினியர்."

பெட்டிக்குள் டோரீன், கேட்கிறதா, கேட்கிறதா என்றாள்.

"சரிய்யா, எழுபது. கேளு."

அவன் பொத்தானை நோக்கிக் கை நீட்டினான்.