மாப்பிள்ளை போட்ட பூட்டு

என் மருமகன் ஜாய்சனுக்கு வேலை போய் எட்டு மாதம். இப்போது ஹேக்கிங் படிக்கப் போகிறாராம். திருட்டு இல்லை, திருடன் எந்த வழியாக வருவான் என்று முன்னாலேயே பார்த்துச் சொல்லும் உத்தியோகம் என்றார். நான் வேலை பார்த்த லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். நாங்கள் அதற்குச் சர்டிபிகேட் கேட்டதில்லை.

படிப்பில் இடம் இன்னும் நிச்சயமில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குக் கிருஷ்ணகுமார் என்கிற கோயம்புத்தூர் மாஸ்டர் வீடியோவில் வந்து லேப்டாப்பைச் சோதிப்பார். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார், முடித்ததும் தன் கம்பெனியிலேயே வேலையும் தருவார். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வா என்பார்.

அதற்காக வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம் வைத்தார் ஜாய்சன். ஒரு பக்கம் பழைய விண்டோஸ், மறுபக்கம் படிப்புக்கான லினக்ஸ். லினக்ஸ் பக்கத்தை மொத்தமாகப் பூட்டி பாஸ்வேர்டும் போட்டார்.

“போலீஸே வந்தாலும் திறக்க முடியாது மாமா.”

இப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் லேப்டாப்பை ஆன் செய்தேன். எங்கள் சபையில் புது வருஷ ராத்திரி ஆளுக்கொரு பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்போம். வருஷம் முழுக்க அந்த வசனம்தான் துணை. ஜாய்சனின் அட்டை ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டியிருந்தது. பைபிள் புத்தகத்தின் பெயர், அதிகாரம், வசன எண். முப்பத்து நாலு வருஷம் ரயில் பெட்டிகளில் எழுத்தும் நம்பரும் பெயின்ட் அடித்த கை. அதையே ஒற்றை விரலால் தட்டினேன். திறந்துகொண்டது.

“பிளெசி, வந்து பாரு உம் புருஷன் பூட்டை!”

ஜாய்சன் துண்டோடு ஓடிவந்தார். “கைக்கு மாமா, ஏன் தொட்டீங்க?”

“போலீஸ் வரலை மாப்பிள்ளை. நான்தான்.”

“அது ஆண்டவர் எனக்குக் குடுத்த வசனம்!”

“ஹவ், ஆமா. குடுத்ததை ஃப்ரிட்ஜ்ல மாட்டினது யாரு? கேஸ் சிலிண்டர் போடறவன் வரைக்கும் படிச்சிட்டுப் போறான்.”

பிளெசி சிரித்துவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்க, புது பாஸ்வேர்டு போட்டார். இருபத்திரண்டு எழுத்து, நடுநடுவே நட்சத்திரமும் கேள்விக்குறியும்.

“எங்கயாவது எழுதி வைங்க,” என்றாள் பிளெசி.

“நக்கோ, வேணாம்! இந்த வீட்ல எழுதி வெச்சா மாமா படிப்பாரு.”

மாஸ்டர் வந்தார். “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க.”

ஜாய்சன் அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். தப்பு. பத்தாவது தடவையும் தப்பு.

“விண்டோஸ் பக்கம் காட்டட்டுமா சார்?”

“அது எங்க வீட்லயும் இருக்குங்க. பாஸ்வேர்டை வேற எங்கயாவது வெச்சிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப அந்தப் பக்கத்தை அழிச்சுட்டு முதல்ல இருந்து போடணும். அடுத்த பேட்ச்ல பார்ப்போங்க. லைன்ல இன்னும் ஒம்பது பேர் காத்திருக்காங்க.” திரை இருட்டாகிவிட்டது.

பிளெசி என்னைத்தான் முறைத்தாள். “நீங்க ஏன் டாடி தொட்டீங்க?”

“நான் தொடாம விட்டா அது நல்ல பூட்டாயிடுமா?”

ஜாய்சன் பென்டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, வெளியே போறீங்களா?” என்றார்.

மாடிப்படியில் போய் நின்றேன். உள்ளே புது பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அஞ்சாவது எழுத்து வரை தெளிவாகக் கேட்டது. கேட்காத தூரத்துக்கு இறங்கிப் போனேன். இன்னொரு ஆறு மாதம் இந்த வீட்டில் யாருக்கும் தாங்காது.