தபால் பை

தேயிலை எஸ்டேட் ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருபவனுக்குச் சம்பளத்தோடு பத்து நாள் லீவு என்று துரை அறிவித்தபோது, அது யாருக்குத் தேவை என்பது ஆபீஸ் ரைட்டர் செலஸ்டினுக்குத் தெரியும். தபால் சுமக்கும் ஒச்சப்பனின் மனைவி அங்கம்மா காரமடையில் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவனுடைய லீவு மனுவை எழுதிக்கொடுத்தவனே செலஸ்டின்தான். ‘முடியாது’ என்று துரை அதில் கிறுக்கியதைப் படித்துச் சொன்னவனும் அவன்தான்.

செலஸ்டினின் மனைவி யூனிஸ் போன வருஷம் பிரசவத்தில் இறந்தாள். அப்போது அவன் ஆபீஸில் இருந்தான். அதன்பிறகு தினமும் விடிந்ததும் ஓடினான். ஓடியதால் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார முடிந்தது. உட்கார்ந்து எழுதியதால் மறுநாளும் எழுந்து ஓட முடிந்தது. லீவு கிடைத்தால் போக அவனுக்கு இடமில்லை. ஆனாலும் பெயர் கொடுத்தான்.

ஃபாக்டரியிலிருந்து குன்னூர் தபாலாபீஸ் ஐந்து மைல் கீழே. அதன் சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். தினமும் அந்தப் பாதையில் போய்வரும் ஒச்சப்பன் இறக்கத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டான்.

திரும்பும் ஏற்றத்தில் செலஸ்டின் அவனைக் கண்டான். முதுகில் தபால் பை. போஸ்ட்மாஸ்டர் வழக்கம்போல் ஜன்னல் வழியே நீட்டியிருக்கிறார். இவனும் வழக்கம்போல் வாங்கி மாட்டியிருக்கிறான்.

அவனை முந்தாமல் பின்னாலேயே வந்திருக்கலாம். ஆனால் செலஸ்டின் வேகத்தைக் கூட்டினான்.

“போங்க ரைட்டரய்யா” என்று ஒச்சப்பன் ஒதுங்கி வழிவிட்டான்.

முதலில் வந்த செலஸ்டினுக்கு ஃபாக்டரி வாசலில் கைதட்டினார்கள்.

“ஏன்டா ஒச்சா, பந்தயத்துக்கும் மூட்டையா? கழுதைகூட இன்னிக்கு வெறுமுதுகோட வருமேடா” என்றார் மேஸ்திரி நல்லசாமி.

“கை தானா நீண்டுருச்சுங்க” என்று ஒச்சப்பனும் சிரித்தான்.

அன்று மாலையே செலஸ்டின் துரையிடம் போய், லீவை ஒச்சப்பனுக்குக் கொடுக்கச் சொன்னான். தபாலை யார் கொண்டுவருவது என்று துரை கேட்டார். தானே கொண்டுவருவதாகச் சொன்னான். துரை எழுந்து கைகொடுத்தார்.

மறுநாள் காலையில் ஒச்சப்பன் துணிமூட்டையோடு செலஸ்டின் வீட்டு வாசலில் நின்றான். “போயிட்டு வர்றனுங்க. உங்க மனசு யாருக்கும் வராதுங்க.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று செலஸ்டின் வாயெடுத்தான். “ரயிலுக்கு நேரமாச்சு” என்றுதான் வந்தது.

அன்று தபால் பையோடு ஏறியபோது மூன்றாவது மைலில் கால் நின்றுவிட்டது. பாதை ஓரத்தில் உட்கார்ந்தான். மாட்டுவண்டியில் வந்த நல்லசாமி நிறுத்தினார்.

“ஏனுங்க, செயிச்ச காலு உக்காந்துருச்சு?”

“நான் செயிக்கலை, மேஸ்திரி. அவன் முதுகுல பையைப் பார்த்துட்டுத்தான் முந்தினேன்.”

நல்லசாமி மாட்டின் கயிற்றைச் சரிசெய்தார். “தெரியுமுங்க.”

“ஒச்சப்பனுக்கு?”

“தெரியாமயா ஒதுங்கி வழி விட்டான்? சரி, பையைத் தூக்கி வண்டியில போடுங்க.”

செலஸ்டின் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான். வண்டி முன்னால் போகட்டும் என்று தலைகுனிந்து நின்றான்.