நகப்பூச்சு நாட்கள்

ஆரிஃபாவுக்கு வலது கை நடுவிரல் நகத்தில் பூ ஒழுங்காக விழ மாட்டேன் என்றது. இடது கையால் ஒற்ற வேண்டியிருந்தது வேறு. பூ செதுக்கிய சின்னத் தட்டில் வெள்ளைப் பூச்சைத் தடவி, பழைய பஸ் கார்டால் மேலாக வழித்து, ஜெல்லி மாதிரி இருக்கும் முத்திரையில் ஒற்றி எடுத்து, காய்வதற்குள் நகத்தில் உருட்டிவிட வேண்டும். முதலில் பாதிப் பூ தட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்தது கோணல். முத்திரையைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். முந்தாநாள் பூசிய புதினாப் பச்சை, இளஞ்சிவப்பு, லாவெண்டர் நிறங்களின் மேல் காலையிலிருந்து பூப் பதித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்வது என்று ஆன பிறகு அதை அரைகுறையாகச் சொல்லக் கூடாது அல்லவா.

கிள்ளானில் இருந்த அந்த வீட்டில் நகப்பூச்சு வெறும் அலங்காரம் இல்லை, அறிவிப்புப் பலகை. பூச்சு இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளு சேராது, தொழ முடியாது. அதனால் தொழுகை இல்லாத அந்த மாத நாட்களில்தான் பெண்கள் ஆசை தீரப் பூசிக்கொள்வார்கள். மாமி ஹாஜிரா மருமகளின் விரல்களைப் பார்ப்பாள். நிறம் கண்டால் ஒன்றும் கேட்காமல் இஞ்சி டீ போட்டுக் கொடுப்பாள். நிறம் காணாமல் நாள் தள்ளிப்போனால் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். போன வருடம் ஆரிஃபா வாய் திறக்கும் முன்பே வெறும் நகங்கள் சொல்லிவிட்டன. மாமி வட்டலப்பம் செய்தாள். மேருவில் இருந்த நாத்தனார் முதல் சுபாங் ஜெயாவில் இருந்த சித்தி வரை வாட்ஸ்அப்பில் பிள்ளைக்காகத் துஆவும் வேண்டுதலும் அனுப்பினார்கள். பத்தாவது வாரம் கரு நின்றுபோனது. அப்புறம் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அழ, அவர்களுக்கு ஆரிஃபாதான் ஆறுதல் சொன்னாள்.

இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதைப் புருஷன் ராசிக்கிடம்கூடச் சொல்லவில்லை. துணிக்கடையில் விலையை மறைக்கத் தெரிந்தவனுக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. போன தடவை நின்ற வாரத்தை இது தாண்டட்டும், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். சில நாள் பூசிக்கொண்டு திரிந்தால் ஒரு மாதம் தப்பிக்கலாம். யோசனை நல்லதாகத்தான் தெரிந்தது. ஆனால் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கும்போதெல்லாம் குழாயடிக்குப் போக எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். எதை நெற்றியைத் தரையில் வைத்துக் கேட்க வேண்டுமோ, அதைக் கேட்க முடியாமல் தானே தன் விரல்களைப் பூசி அடைத்துக்கொண்டாள். கடமை இருந்தும் தொழாமல் இருக்கிறாள். அதற்குத் தண்டனையாக இதையும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

போன தடவைக் குழந்தை வீட்டை விட்டுப் போகவும் இல்லை. பூச்சுக் குப்பியை மேசை ஓரத்தில் வைத்தால் அவள் கை தானாகவே அதை நடுவில் தள்ளிவிடும். பிறந்திருந்தால் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் வயது. சில மத்தியானங்களில் முதுகுக்குப் பின்னால் தரையில் உள்ளங்கை பதியும் சத்தம் கேட்கும். ஈரமான, சின்னச் சத்தம். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது என்பதுதான் பயம். இப்போது வயிற்றில் இருப்பது அதற்குத் தெரியக் கூடாது என்றுகூடத் தோன்றியது. விளையாட ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தாள்.

சாயங்காலத் தொழுகையான அஸருக்குக் கொஞ்சம் முன்னால் மாமி வந்து எதிரில் உட்கார்ந்தாள். பூக்களைப் பார்த்து, அழகா இருக்கு என்றாள். பிறகு, எப்போதும் இந்த நாட்களில் வெந்நீர்ப் பையோடு சுருண்டு கிடப்பவளுக்கு இந்த மாதம் எங்கிருந்து இவ்வளவு பொறுமை வந்தது என்று கேட்டாள். மாத்திரை போட்டேன் என்றாள் ஆரிஃபா.

"பாத்ரூம் குப்பைய நான்தானேம்மா கொட்டுறேன்," என்றாள் மாமி.

ஆரிஃபாவின் கையிலிருந்து முத்திரை நழுவியது. மாமி கோபப்படவில்லை. ராசிக்கிடம் சொல்லவில்லை, மேருவுக்கும் போன் போடவில்லை, போன தடவை ஊரெல்லாம் சொன்ன வாயை அப்புறம் எத்தனை தடவை அடித்துக்கொண்டேன் தெரியுமா என்றாள்.

"இந்த வாட்டி நான் வாயத் தொறக்க மாட்டேன் லா. ஆனா நீ தொழுவு. மேல இருக்குறவன்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட போய்க் கேக்கப் போற?"

பூச்சு அழிப்பானில் பஞ்சை நனைத்து மருமகளின் இடது கையை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நகமாகப் பூ கரைந்து பஞ்சில் ஏறியது. இந்தக் கைகளுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று ஆரிஃபா நினைத்தாள். இடது கை முடிந்தது. வலது கைக் கட்டைவிரல் முடிந்தது. ஆள்காட்டி விரலைத் தொட்டதும் ஆரிஃபா கையை மூடிக்கொண்டாள்.

போன தடவை ரத்தம் பட்ட அன்று, மறுநாள் காலை வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பத்து விரலுக்கும் பூச்சுப் பூசினாள். இது எப்போதும் வரும் மாத நாள்தான் என்று ஆகிவிட்டால், இழந்துபோவதற்கு ஒன்றும் இல்லை அல்லவா. மறுநாள் வயிற்றைச் சுத்தம் செய்ய மயக்கம் கொடுக்கும் முன் விரலில் கிளிப் மாட்ட வந்த நர்ஸ், பூச்சு இருந்தால் மெஷின் வேலை செய்யாது, ஒரு விரல் போதும் என்று இந்த நகத்தை மட்டும் துடைத்தாள். விழித்தபோது மற்ற விரல்களில் நிறம் அப்படியே இருந்தது. இது மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் துடைக்கப் பயம் இருக்கவில்லை. அப்போது வயிற்றில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது துண்டு துண்டாகச் சொன்னாள்.

"இது மட்டும் வேணாம் மாமி. அன்னிக்கு இதத் தொடச்சதுலதான் போச்சு."

ஒரு நகத்தில் பூச்சு இருந்தாலும் ஒளு சேராது என்று இருவருக்கும் தெரியும். மாமி அதைச் சொல்லவில்லை. விரலைப் பிரிக்கவும் இல்லை. மூடிய கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தொழுகைக் கூடமான சூராவில் அஸர் பாங்கு தொடங்கி, முடிந்தது. பஞ்சு காய்ந்துபோனது. மாமி அதை மறுபடி நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.