லூமி தாண்டிய அருவி

போன் வந்தபோது லோகப்பிரியா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"ஏனுங்க, லூமி கேமைத் திரும்பக் கொண்டு வர்றது நீங்கதானுங்களா?" என்றது ஓர் ஆண்குரல்.

"ஆமாங்க, நாங்கதான்."

"நான் அதை ஆட முடியுமுங்களா?"

"தாராளமா ஆடலாமுங்க. தீபாவளிக்கு வந்துரும். டிவி, போன், கம்ப்யூட்டர், எதுல வேணும்னாலும் ஆடலாம்."

"அதைக் கேக்கலைங்க. எனக்குக் கண்ணு தெரியாது. அதான், ஆட முடியுமான்னு கேக்கறேன்."

லோகப்பிரியா குழாயை மூடினாள். பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லி வைத்துவிடலாம். வைக்க மனம் வரவில்லை.

"ஒரு நாள் ஆபீசுக்கு வாங்களேன். பாத்துரலாம்," என்றாள்.

அவளுடைய ஆபீஸ் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போடும்போதே கீழேயிருந்து பன் வாசம் ஏறி வரும். நடத்துபவர் தனபால். அவருடைய சொந்தக்காரர்கள் பம்ப்செட்டும் நூல் மில்லுமாக இருக்க, இவர் மட்டும் வீடியோ கேமில் இறங்கினார். கல்யாண வீட்டுப் பந்தியில், "தனபாலு இன்னும் விளையாடிட்டுத்தான் இருக்கானா?" என்று கேட்காத பங்காளி கிடையாது. அவரும் சிரித்துக்கொண்டே இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

அப்படிப்பட்டவருக்கு இந்த வருடம் நல்ல வேலை ஒன்று வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று முப்பது வருடத்துக்கு முன் மூன்று கார்ட்டூன் படங்கள் எடுத்தது. அந்தப் படங்களை வைத்து, ஓடித் தாவிப் பள்ளம் தாண்டுகிற மூன்று விளையாட்டுகளையும் விட்டது. அன்று டிவியில் கேசட் சொருகி அவற்றை ஆடாத தெருவே கோயமுத்தூரில் இல்லை எனலாம். அவற்றில் எல்லாருக்கும் பிடித்தது லூமி என்கிற நீர்நாய்க்குட்டி. ஆற்றோடு போன அம்மாவைத் தேடி மரக்கட்டைக்கு மரக்கட்டை தாவிப் போகும். மூன்று விளையாட்டையும் இன்றைய கருவிகளில் ஓடும்படி மாற்றிக் கொடுக்கும் வேலை தனபாலிடம் வந்தது. அதற்குத் தலைமை லோகப்பிரியா.

வேலை சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவளுக்குள் ஒரு குறை இருந்தது. அடுத்தவர்கள் தைத்த சட்டைக்குக் காஜா எடுக்கிற பிழைப்புதானே இது என்று தோன்றும். அவள் கைபட்டது என்று சொல்ல எந்த விளையாட்டிலும் ஒன்றுமில்லை.

போனில் பேசியவர் சனிக்கிழமை வந்தார். பெயர் சாஜித். உக்கடத்துக்காரர். ஒரு கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர். கைக்கோலை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, "பேக்கரியில தேங்கா பன் சூடா இறங்குதுங்க, அப்புறம் வாங்கித் தரணும்," என்றபடி உட்கார்ந்தார்.

"பத்து வயசுல பார்வை மங்க ஆரம்பிச்சுது. அப்போ லூமியில மூணாவது ஸ்டேஜ் வரைக்கும் வந்திருந்தேன். அந்த அருவி இருக்கு பாருங்க, அதைத் தாண்டலை. என்ற அண்ணன் தாண்டிட்டான். இன்னிக்கும் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தா அதைச் சொல்லிக் காட்டறான். எனக்குப் பொறுக்கலைங்க."

அவர் குரலில் சோகம் இல்லை. தோற்ற கோபம்தான் இருந்தது. லோகப்பிரியாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள். சாஜித் முதல் ஸ்டேஜில் மூன்றாவது கட்டை வரை போனார். அதற்குமேல் லூமி தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் ஆடினார், மறுபடியும் விழுந்தது. எங்கே போனாலும் ஆற்றுச் சத்தம் ஒரே மாதிரி இருந்தது. கட்டை எங்கே முடிகிறது என்று காதுக்கு எதுவும் சொல்லவில்லை.

இசையும் சத்தமும் ஜெனிதாவின் பொறுப்பு. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற பெண். அவள், "நாம பேசிச் சொல்லலாங்க்கா. பள்ளம் வருது, தாவுங்கன்னு," என்றாள். ஒரு வாரத்தில் தன் குரலையே பதிவு செய்து சேர்த்தாள். அடுத்த சனிக்கிழமை சாஜித் ஆடிப் பார்த்தார். "பள்ளம் வருது" என்று குரல் சொல்லி முடிப்பதற்குள் லூமி பள்ளத்தில் கிடந்தது.

"பஸ் கண்டக்டர் ஸ்டாப் தாண்டுனதுக்கப்புறம் கத்துற மாதிரி இருக்குதுங்க," என்றார் சாஜித். ஜெனிதாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட லோகப்பிரியா கூடப் போனாள். சத்தி ரோட்டைத் தாண்ட வேண்டும். அவள் கையைப் பிடிப்பதற்குள் அவர் தானாகவே இறங்கி நடந்தார். பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள்.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"லாரி போனதும் அதுக்குப் பின்னால காலியா ஒரு இடம் கேக்குமுங்க. அது நம்ம பக்கத்துல வந்தா இறங்கிரணும்."

காலியிடம் கேட்கும் என்று அவர் சொன்னது அவள் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஜெனிதாவைக் கூப்பிட்டாள். "பேச்சே வேண்டாம். கட்டைக்கு ஒரு சத்தம், பள்ளத்துக்கு ஒரு சத்தம். இடது பக்கம் இருக்கறது இடது காதுல, வலது பக்கம் இருக்கறது வலது காதுல. முடியுமா?"

"முடியாம என்னக்கா," என்றாள் ஜெனிதா.

அப்புறம் இருவரும் அதிலேயே கிடந்தார்கள். கட்டைகள் டொக் டொக்கென்று மர ஒலி எழுப்பின. பள்ளத்தில் காற்று ஊதியது. விளிம்பை நெருங்க நெருங்க அந்தக் காற்றின் சுருதி ஏறியது. சுருதி உச்சத்தை எட்டும்போது தாவினால் சரியாக அடுத்த கட்டையில் இறங்கலாம். லோகப்பிரியா கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தாள். முதல் ஸ்டேஜைத் தாண்டியபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். சாஜித் வந்தார். முதல் ஸ்டேஜை முடித்தார், இரண்டாவதையும் முடித்தார். கன்ட்ரோலரைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, "இன்னிக்கு பன்னு நான் வாங்கறேன்," என்றார்.

இதையெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டுமே. அங்கே பொறுப்பிலிருந்த கேத்தரின் என்ற அம்மாள் தயங்கினாள். பழைய விளையாட்டைப் பழையபடியே எதிர்பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அரைகுறையாக எதையாவது சேர்த்தால் மூன்றின் பெயரும் கெடும் என்றாள். வேண்டுகிறவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு எதுவும் மாறாது என்று லோகப்பிரியா எடுத்துச் சொன்னாள். கடைசியில், வீடியோ காலில் ஆடிக் காட்டுங்கள், பார்க்கிறேன் என்று கேத்தரின் இறங்கி வந்தாள்.

அன்றைக்கென்று லோகப்பிரியா ஒயரில்லாத புது ஹெட்போன் வாங்கி வைத்தாள். பார்க்க எடுப்பாக இருக்கட்டுமே என்ற ஆசை. சாஜித் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் கட்டையிலேயே விழுந்தார். அடுத்ததிலும் விழுந்தார். இரண்டு ஸ்டேஜை முடித்த மனிதர், ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியாமல் லைஃப் எல்லாவற்றையும் இழந்தார். கேத்தரின் மரியாதையாகவே பேசினாள். நல்ல முயற்சி, ஆனால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லி விடைபெற்றாள்.

சாஜித் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "என்னாலதானுங்க கெட்டுப்போச்சு," என்றார். அவர் அப்படிப் பேசி லோகப்பிரியா கேட்டதில்லை. கைக்கோலை விரித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்.

எங்கே தப்பு? அந்த ஹெட்போனை அவளே மாட்டிக்கொண்டு கண்ணைக் கட்டி ஆடினாள். அவளும் விழுந்தாள். பழைய ஒயர் ஹெட்போனைச் சொருகினாள். தாண்டினாள். திரும்பப் புதியது, திரும்ப விழுந்தாள். அப்போதுதான் விளங்கியது. ஒயரில்லாத ஹெட்போனில் சத்தம் ஒரு கண்ணிமை நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. பாட்டுக் கேட்கிறவனுக்கு அது தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறவனுக்கு அந்தக் கண்ணிமை நேரம்தான் எல்லாமே.

உடனே சாஜித்தை அழைத்தாள். "நீங்க தோக்கலைங்க. நான் வாங்குன ஹெட்போன் தோத்துருச்சு."

"அப்படின்னா அருவி இன்னும் பாக்கி இருக்குதுங்க," என்றார் சாஜித்.

ஹெட்போனின் தாமதத்தை அளந்து, அதற்குத் தக்கபடி சத்தத்தை முன்கூட்டியே அனுப்பும்படி லோகப்பிரியா சரிசெய்தாள். கேத்தரினுக்கு மெயில் போட்டாள். முடிவு எடுத்தாயிற்று என்று பதில் வந்தது. ஆனால் அடுத்த மாதம் விளையாட்டுகளை அறிவிக்கும் விழா கோயமுத்தூரில்தான் நடக்கவிருந்தது. கொடிசியா அரங்கில். கேத்தரினே வருகிறாள். மேடை நிகழ்ச்சி முழுக்க நிரம்பியிருந்தது, தனபாலின் பேச்சு உட்பட.

லோகப்பிரியா அவர் அறைக்குப் போய் நின்றாள். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. ஊர், உறவு, பங்காளிகள் எல்லாம் வந்து உட்காரப்போகிற விழா. அவர்கள் முன்னால் மைக் பிடிக்க இந்த மனிதர் எத்தனை வருடம் காத்திருப்பார்.

அவள் பாதி சொல்வதற்குள் தனபால் கையமர்த்தினார். "நான் மேலேறி என்னத்தைப் பேசிப்போடப் போறேன், அம்மணி. என்ற நேரத்தை அந்தச் சாருக்குக் குடுத்துரு."

விழா அன்று அரங்கு நிறைந்திருந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், காலேஜ் கூட்டம், முன்வரிசையில் பட்டும் வேட்டியுமாகத் தனபாலின் சொந்தங்கள், அவர்கள் பக்கத்தில் கேத்தரின். தனபாலின் பெயரைச் சொல்லி அழைத்ததும் சாஜித் மேடையேறினார். நடுவில் ஒரு நாற்காலி. இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். பின்னால் பெரிய திரையில் லூமி நின்றது. அருவி ஸ்டேஜ்.

சாஜித் மைக்கை வாங்கினார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குக் கண்ணு தெரியாது. காதை வெச்சுத்தான் ஆடப்போறேன். அதனால நான் முடிக்கிற வரைக்கும் யாரும் கை தட்டாதீங்க. விழுந்தாலும் 'அச்சச்சோ' சொல்லாதீங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாம்."

அரங்கு அடங்கியது. டொக் டொக்கென்று கட்டைகள் ஒலித்தன. காற்று ஊதிச் சுருதி ஏறியது. லூமி தாவியது. அடுத்த கட்டை, அதற்கடுத்தது. ஓரத்தில் நின்ற லோகப்பிரியாவுக்குக் கூட்டம் மெல்லக் கற்றுக்கொள்வது தெரிந்தது. சுருதி ஏற ஏற முன்வரிசையில் தோள்கள் தாமாக உயர்ந்தன, லூமி இறங்கியதும் தளர்ந்தன. ஜெனிதா கழுத்துச் சிலுவையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாதி அருவியில் யாருடைய போனோ உரக்க அலறியது. லூமி தண்ணீரில் விழுந்தது. இனி ஒரே ஒரு லைஃப்தான்.

லோகப்பிரியாவின் கால் தானாக மேடைப் பக்கம் போனது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆடச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதற்குள் சாஜித் மைக்கைத் தேடி எடுத்தார். "போன் வந்தவர் நிதானமாப் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

அரங்கே சிரித்தது. இறுக்கம் விட்டுப்போனது. ஆயிரம் பேர் பையிலிருந்து போனை எடுத்து அணைத்தார்கள். அப்புறம் விழுந்த அமைதியில் மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது.

சாஜித் மறுபடி ஆரம்பித்தார். விழுந்த இடம் வந்தது. தாண்டினார். அருவியின் இரைச்சல் கூடியது. அதற்குள் ஒளிந்திருக்கும் கட்டையின் ஒலி இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை மங்கலாகக் கேட்டது. லூமி ஒரு கணம் நின்றது. அவர் தலையைச் சற்றே சாய்த்தார். காற்றின் சுருதி ஏறியது, இன்னும் ஏறியது. லூமி பறந்தது. கடைசிக் கட்டையின் நுனியில் நகத்தைப் பதித்துத் தொங்கி, ஏறி, அருவிக்கு அப்பால் கரையில் நின்று வாலை ஆட்டியது.

அப்போதும் யாரும் கை தட்டவில்லை. அவர் சொன்னதை அப்படியே காத்தார்கள்.

சாஜித் கன்ட்ரோலரை மடியில் வைத்தார். "இப்போ தட்டலாமுங்க," என்றார்.

அரங்கம் எழுந்து நின்றது. பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தார்கள். தனபாலின் பெரியப்பா, பம்ப்செட் கம்பெனிக்காரர், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு தடித்த மனிதர் ஆட்களை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார். அது சாஜித்தின் அண்ணன். தம்பியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியபடி, "ஒத்துக்கறேன்டா, ஒத்துக்கறேன்," என்று அழுதார்.

கேத்தரின் லோகப்பிரியாவைத் தேடி வந்தாள். "அன்று நான் அவசரப்பட்டுவிட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "தீபாவளிக்குள் மூன்று விளையாட்டுக்கும் இதைச் செய்ய முடியுமா?"

"முடியும்," என்றாள் லோகப்பிரியா. எப்படி என்று யோசிக்கவேயில்லை.

முடித்தார்கள். மூன்றும் சொன்ன நாளில் வெளிவந்தன. விளையாட்டு முடிந்ததும் ஓடுகிற பெயர்களில் 'ஒலிவழி: லோகப்பிரியா, ஜெனிதா' என்று தனி வரி வந்தது. அன்னூரில் லோகப்பிரியாவின் அம்மாவும் அப்பாவும் டிவி முன்னால் உட்கார்ந்து, அந்த வரியைப் பார்ப்பதற்காகவே மருமகனை ஆட வைத்தார்கள். எங்கெங்கோ இருந்து குரல் செய்திகள் வந்து குவிந்தன. போர்ச்சுகீசில் ஒன்று, வங்க மொழியில் ஒன்று. எல்லாவற்றிலும் பின்னணியில் லூமி தாவும் சத்தம்.

பொங்கலுக்கு முன் ஒரு நாள் சாஜித் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"அந்தியூர்ல ஹர்ஷிணின்னு ஒரு பொண்ணுங்க. பிளஸ் டூ படிக்குது. பிறவியிலயே பார்வை இல்லை. அருவியை என்னைவிட வேகமாத் தாண்டி வீடியோ போட்டிருக்குது. அதுக்குக் கீழே என்னைக் கூப்பிட்டுச் சவால் வேற."

"சந்தோசந்தானுங்களே, சார்."

"சந்தோசமெல்லாம் அப்புறமுங்க," என்றார் சாஜித், நாற்காலியைத் தடவி இழுத்துக்கொண்டே. "முதல்ல அந்த கன்ட்ரோலரை எடுங்க."