மண் மெத்தை

ஹினேஸ் விடிந்ததிலிருந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான். தபெர்னாஸ் ஊருக்குக் கீழே, தண்ணீர் ஓடாத ஆற்றின் நடுவில், பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். முழங்கால் ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கி எறிந்து, சலித்த மணலும் வைக்கோலும் கலந்து நிரப்ப வேண்டும். கல் பொறுக்குவதை மட்டும் அவன் யாரிடமும் விட்டதில்லை. விரலை விட்டுத் துழாவி, பட்டாணி அளவுக் கல்லைக்கூட எடுத்துவிடுவான்.

கௌபாய் படத்தில் துப்பாக்கி வெடித்ததும் குதிரையும் ஆளும் சரிகிற இடம் அது. ஒன்பது வருஷமாக அவன் விழுந்து பிழைக்கிறான். அவனோடு விழுவது லூசேரா, நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள பெண்குதிரை. வலது கடிவாளத்தை ஒரு சுண்டு சுண்டினால் போதும். கழுத்தை மடக்கித் தோளில் சரிவாள். 'கட்' என்று சத்தம் கேட்கும்வரை செத்ததுபோலக் கிடப்பாள்.

"யாரைப் புதைக்கப் போற மாப்ளே?" ஃப்ராஸ்கோ தன் குதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கும் இதே பிழைப்புதான். "உனக்குன்னா ஆழம் பத்தாது. மூக்கு வெளிய நிக்கும்."

ஹினேஸ் சிரிக்கவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலப் பட்டாளச் சட்டை, சாம்பல் சட்டை, மெக்சிகோப் போர்வை, கறுப்பு அங்கி என்று இறக்கிக்கொண்டே இருந்தார்கள். நடிகர்கள் ஒருவரையும் காணோம்.

"இன்னிக்கு எத்தனை தடவை விழணும்?" ஆள் பிடித்துக் கொடுக்கும் மெல்ச்சோரிடம் கேட்டான்.

"ஆளுக்குப் பன்னெண்டு."

"கதையில ஒரு சாவுதான்னு சொன்னீங்களேண்ணே."

"ரோம்காரன் காசு, ரோம்காரன் ஃபிலிம். விழுறவனுக்கு எதுக்குடா கதை?"

விழுந்தார்கள். ஒவ்வொரு விழுகைக்கும் சட்டை மாறியது. கேமரா ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை மேட்டின் மேல். தொப்பியை இறக்கு, முகம் தெரியக் கூடாது என்று இத்தாலிக்கார டைரக்டர் சைகை காட்டினார். நடுநடுவே குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். யாரும் கேட்காமலே கேரட் வந்தது. மிருக டாக்டர் ஒருவர் வந்து லூசேராவின் காலைத் தடவிப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவள் காலை அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை.

மதியம் வழக்கமாக ரொட்டியும் டப்பா மீனும்தான். அன்று முயல்கறி போட்ட சோறு, தட்டில், சுடச்சுட.

"எனக்கு இது சரியாப் படல," என்றான் ஹினேஸ். "கசாப்புக்காரன்தான் ஆட்டுக்குப் பாத்துப் பாத்துத் தீனி போடுவான்."

ஃப்ராஸ்கோ எலும்பை உறிஞ்சினான். "ரொட்டி போட்டாலும் புலம்பல், சோறு போட்டாலும் புலம்பல். சீக்கிரம் ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கடா. சந்தேகப்பட வீட்டுலயே ஆள் கிடைக்கும்."

ஹினேஸ் அவனையே பார்த்தான். காலையில் ஃப்ராஸ்கோ டைரக்டரோடு நின்று, லூசேராவைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்திருந்தான். ஃப்ராஸ்கோவின் குதிரைக்கு வயதாகிவிட்டது, சரியும்போது தடுமாறுகிறது. தன் கை செய்யும் வித்தையைப் படமெடுத்துப் பார்த்து ஃப்ராஸ்கோவுக்கு வேறொரு குதிரையைப் பழக்கப் போகிறார்கள் என்று ஹினேஸுக்குத் தோன்றியது. அதன்பிறகு ஒவ்வொரு விழுகையிலும் கடிவாளம் பிடித்த கையைத் துணியால் மூடிக்கொண்டான். தன்னைப்போல வேறெவனாலும் முடியாது என்று காட்ட, வழக்கத்தைவிடச் சுத்தமாக விழுந்தான். பன்னிரண்டாவது விழுகைக்கு டைரக்டர் கைதட்டினார்.

குளிர்காலம் முழுக்க யாரும் கூப்பிடவில்லை. மார்ச்சில் ஒரு படக் கம்பெனி வந்தது. மெல்ச்சோர் சாராயக்கடையில் உட்கார்ந்து, சீட்டாடுகிற காட்சிக்கு நாலு கிழவர்களைப் பொறுக்கினான்.

"குதிரை எப்பண்ணே?" என்றான் ஹினேஸ்.

"குதிரை வேண்டாமாம்."

"கௌபாய் படத்துல குதிரை வேண்டாமா?"

"குதிரை இருக்குடா."

"யாரோடது? இவனோடதா?" பக்கத்தில் நின்ற ஃப்ராஸ்கோவைக் காட்டினான்.

"உன்னோடதும்தான், இவனோடதும்தான்." மெல்ச்சோர் ஆலிவ் கொட்டையைத் துப்பினான். "அன்னிக்கு எடுத்தத ரோம்ல பெட்டியில சுருட்டி வெச்சிருக்கான். இதுவரைக்கும் மூணு கம்பெனி வாங்கியாச்சு. எந்தச் சட்டை வேணுமோ அந்தச் சாவ வெட்டி ஒட்டிக்குவான். முகம்தான் தெரியாதே. இப்பல்லாம் இந்த மாதிரிப் படத்த யாரு பாக்கிறா? புதுசா குதிரை ஓட்ட எவன் காசு போடுவான்?"

ஃப்ராஸ்கோ கோப்பையைக் கீழே வைத்தான். "ஆறு மாசமா நீ என்கிட்ட பேசாததுக்குக் காரணம் இதுதானா? நான் உன் பிழைப்பத் தட்டிட்டுப் போயிடுவேன்னு?"

ஹினேஸ் கடிவாளம் பிடிக்கும் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"அன்னிக்கு அவன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? இந்தப் பய குதிரைக்கு ஊட்டிட்டுத்தான் தான் தின்னுவான்னேன்."

ஏப்ரலில் தீனிக்கு வழியில்லாமல் ஹினேஸ் லூசேராவை விலைக்கு விட்டான். சமவெளியிலிருந்து ஒரு தக்காளி விவசாயி அவளை வண்டி இழுக்க ஓட்டிப்போனார். இரண்டாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார். "திருப்பத்துல கடிவாளத்த இழுத்தேன். நடுரோட்டுல படுத்துக்கிச்சு. முப்பது பெட்டித் தக்காளி போச்சுய்யா. என்ன குதிரை இது?"

அடுத்து வாங்கியவனும் அதையே சொல்லித் திருப்பி விட்டான். அதன்பிறகு கிரனாதாவிலிருந்து கறிக்கு வாங்கும் வியாபாரி லாரியோடு வந்தார். பல்லைப் பார்க்கவில்லை. பெயர் கேட்கவில்லை. எடை மட்டும் கேட்டார்.

முற்றத்தில் லாரியின் பலகை சாய்ந்திருந்தது. அதன் முன்னால் லூசேரா தயங்கினாள். வியாபாரி கடிவாளத்தை வெடுக்கென்று வலப்பக்கம் இழுத்தார்.

அவள் கழுத்தை மடக்கி, தோளில் சரிந்து, காலை நீட்டிக் கிடந்தாள். பழைய சுத்தம் அப்படியே இருந்தது.

"அட, செத்துப்போச்சா?"

"இல்ல."

"அப்ப எழுப்புய்யா. பொழுது போகுது."

எழுப்ப 'கட்' என்ற ஒரே ஒரு சொல் போதும். ஹினேஸ் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். கொத்தாத, மணல் போடாத தரை. அவள் விலாவுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவி ஒரு கல்லை எடுத்தான். தூர எறிந்தான். இன்னொன்றை எடுத்தான்.

"என்னய்யா பண்ற?"

லூசேரா அசையவில்லை. ஒரு காது மட்டும் அவன் வாய்ப்பக்கம் திரும்பியிருந்தது.