சோடியேர் எரியும் மாதங்கள்

கோசலைக்குக் கணக்கு விளங்காமலில்லை. லா சப்பல் கடைத்தெருவில் பதினேழு வருசம் மரக்கறி விற்றவளுக்கு மகள் ரூபிகா நீட்டிய கடதாசி ஒரு பெரிய விசயமா? வீட்டைச் சூடாக்க, காஸில் எரியும் சோடியேர் வருசத்துக்கு ஆயிரத்து எண்ணூறு யூரோ தின்னுது. மின்சார வெப்பப் பம்பி போட்டால் எழுநூறு. பம்பியை முற்றத்தில் வைக்கக் கட்டடக்காரரும் ஓமெண்டிட்டினம்.

"பாதிக்கும் குறைவம்மா. இன்னும் என்ன யோசனை?"

"பம்பிச் சூடு எனக்குச் சரிவராது," என்றாள் கோசலை. வாயில் வந்த பொய்.

உண்மையைச் சொன்னால் மகள் நேரே மனநல டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போவாள். மூன்று வருசத்துக்கு முன் ஒரு தை மாதம், தடிமன், இருமலென்று வீட்டோடு படுத்திருந்து நித்திரையிலேயே போன புருசன் தவரத்தினம், சோடியேர் எரியும் மாதங்களில் வருகிறார். பின்னேரம் ஐந்து மணிக்கு இருட்டினதும் குசினிக் கதிரையில் இருப்பார். கோடையில் தலைகாட்டமாட்டார். சோடியேரைக் கழற்றிவிட்டு அவரை எங்கே போய்த் தேடுவது?

வந்தால் பேச்சில்லை. வாயை ஆவென்று திறந்து மூடுவார். சோடியேருக்குப் பக்கத்தில், சுவரிலிருக்கும் காற்றுத் துளையை விரலால் காட்டுவார். பாவம், குளிருதாக்கும் என்று கோசலை துளையில் செருகியிருந்த மட்டையை இன்னும் இறுக்கிப் பசை ரேப் ஒட்டினாள். தனக்கு வந்த தலையிடிக்குத் தைலம் பூசிக்கொண்டாள்.

ரூபிகா விடாமல் கூப்பிட்டு, பம்பிக்கு விலை சொல்ல வந்த யூலியன் குசினிக்குள் கால் வைத்ததும் அவன் இடுப்பிலிருந்த கருவி கத்தத் தொடங்கியது. சோடியேரை நிப்பாட்டினான். யன்னலெல்லாம் திறந்தான். ரேப்பைக் கிழித்து மட்டையை இழுத்தெடுத்தான்.

"காத்து இல்லாமல் எரிஞ்சால் மணமில்லாத நஞ்சு வருமாம்," என்று அவன் சொன்னதை ரூபிகா தமிழில் சொன்னாள். "தலை இடிக்குமாம், இல்லாத ஆக்களெல்லாம் தெரிவினமாம். நித்திரையிலேயே உயிர் போயிடுமாம்."

கோசலை மட்டையைப் பார்த்தாள். லட்சுமி படம் போட்ட பழைய கலண்டர். அவர் போக முந்தின மார்கழி முடியப் புதுக் கலண்டரைக் கொழுவிவிட்டு, பழசை வீணாக்குவானேன் என்று அவளேதான் துளையில் செருகினாள். இரண்டு கிழமையில் அவர் போனார். இருதயம் என்று டொக்டர் எழுதினார். தன் கைகளைப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

பம்பி பூட்டி அடுத்த மார்கழியும் வந்தது. வீடு நல்ல சூடு. அவர் வந்ததெல்லாம் நஞ்சு காட்டின வேடிக்கை என்று எவரும் சொல்லலாம்தான். ஆனால் தனக்கே தெரியாத சங்கதியை அந்த நஞ்சு எப்படி விரல் நீட்டிக் காட்டியது? அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஐந்து மணிக்குக் கதிரைப் பக்கமாக ஒரு மூச்சு கேட்டது. நெஞ்சு நிறைய இழுத்து, ஆறுதலாக விட்ட மூச்சு. கோசலைக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாயிருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "நான்தான் அடைச்சனான்."

முந்தி அவர் வயிறாறச் சாப்பிட்டு எழும்பும்போது நகருவதுபோல, கதிரை பின்னால் நகர்ந்தது.