அக்காவுக்குப் பிடித்த பாட்டு

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் அறை வாசலில் கிடைத்தது. வீங்கிய தாடையோடு பக்கத்து நாற்காலியில் இருந்தவன், நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் வலியை மறந்து பேச ஆரம்பித்துவிட்டான். முடிக்கும்போது சொன்னான்: "நடந்தது நடந்தபடியே எழுதுங்க சார். கடைசியில மட்டும், நான் எங்க அக்காகிட்ட ஏதாவது சொல்ற மாதிரி வெச்சிருங்க."

என்ன சொல்வது என்று நான் கேட்பதற்குள் அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

2

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

'லட்சக்கணக்கான பாடல்களின் நடுவே ஒரு மனிதன்' (விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

'அக்கா பெட்டியோடு வந்து நின்ற அன்று மழை' (மழை பெய்ததா என்று நான் கேட்கவில்லை.)

நேராகவே சொல்கிறேன். அவன் ஒரு பாட்டு நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறவன். மலை மாதிரி குவிந்து கிடக்கும் பாட்டுகளிலிருந்து, கேட்பவரின் மனசறிந்து தானாகவே பிளேலிஸ்ட் போட்டுத் தரும் புரோகிராம். கணக்கு எளிது. பாட்டை முழுக்கக் கேட்டால் பிடித்திருக்கிறது, பாதியில் தாண்டினால் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுச் சத்தத்தையும் கூட்டினால், அந்தப் பாட்டென்றால் உயிர்.

சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டிலேயே அக்கா இருந்தாள். கணவனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்தவள்; கண்ணாடிக் கடையில் வேலை. ஃபோனைக் கேட்டதும், "என் ஃபோன்ல என்னடா ரகசியம், எடுத்துக்கோ" என்று நீட்டிவிட்டாள்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளரையும் இரண்டு சகாக்களையும் சாப்பாட்டுக்கு அழைத்து, அக்காவின் பிளேலிஸ்ட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டான். மெல்லிய பாட்டுகளாக வந்துகொண்டிருந்தன. திடீரென்று கூரை அதிர ஒரு குத்துப்பாட்டு.

"எங்க அக்கா வாயில்லாப் பூச்சி சார். ஆனா சாயந்திரம் ஆச்சுன்னா இந்தப் பாட்டுதான், ஃபுல் சவுண்டு! மெஷின் கண்டுபிடிச்சிருச்சு பாருங்க!"

எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, "நிறுத்துடா" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

(இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். அவனே சொன்னது. இருக்கட்டும்.)

விருந்தாளிகள் போனபின் சமையலறைக்குப் போனான். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோவமாக்கா? உனக்குப் பிடிச்ச பாட்டுதானே?"

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுடா."

"பின்ன எதுக்கு தெனமும் போடற?"

"நீங்க ரெண்டு பேரும் பேசறது காதுல விழாம இருக்கத்தான்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அவன் வேலை முடிந்து வந்ததும் அடுத்த அறையில் அவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அக்கா இன்னும் எவ்வளவு நாள், எங்கே போவாள், யார் சொல்வது.

"எதுல இருந்துக்கா கேட்ட?"

"'எனக்கு மட்டும் ஆசையா'ல இருந்து."

மனைவியைச் சமாதானப்படுத்த அவன் சொன்ன வார்த்தை அது: 'அவளை வெச்சுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா?'

4

முதல் வரைவில் மனைவியைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். இரண்டு அறை வீடு. கைக்குழந்தையோடு, வந்தவருக்கு ஒரு அறையை விட்டுக்கொடுத்துவிட்டு இருந்தவள் அவள். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டவளும் அவள்தான். "அண்ணி" என்று கூப்பிட்டாள்.

"விடும்மா. உன் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பேசியிருப்பேன்" என்றாள் அக்கா.

மறுநாள் ஆபீசில் மேலாளர், "உங்க அக்கா பாட்டையே எல்லா இடத்துலயும் போட்டுக் காட்டப்போறோம். பிரமாதம்யா" என்றார்.

"அந்தக் கணக்குல ஒரு தப்பு இருக்கு சார்."

"என்ன தப்பு?"

சொல்ல வேண்டுமானால் வீட்டைச் சொல்ல வேண்டும். தன் வாயிலிருந்து வந்ததைச் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல சார், பாத்துக்கறேன்" என்றான். கணக்கு அப்படியே வெளியே போனது. இப்போது எத்தனையோ ஃபோன்களில் அது ஓடுகிறது.

(உங்கள் ஃபோனிலும் இருக்கலாம். நீங்கள் எதை மறைக்கச் சத்தத்தைக் கூட்டினீர்கள் என்று அதற்குத் தெரியாது.)

5

அந்த வாரமே அக்கா கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டாள். அவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். வாடகைக் காரில் வைத்துவிட்டு, "பாத்துப் போக்கா" என்றான். அவள் போய்விட்டாள். இப்போதும் ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள். குழந்தைக்குப் பல் முளைத்தது, இருமல் விட்டது என்று. அந்த வார்த்தையை மட்டும் இருவரும் தொடுவதில்லை.

அவன் கேட்ட கடைசி வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்.

'என்னை மன்னிச்சிடுக்கா' (மன்னிக்கும் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டுகிறது.)

'நான் மனசார அப்படிச் சொல்லலக்கா' (பொய். அன்று மனசாரத்தான் சொன்னான்.)

'போகாதக்கா' (போகச் சொல்லிவிட்டு...

என்னால் முடியவில்லை. அதனால் கதையில் காரைக் கிளப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அக்கா பின் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்க்கிறாள். அவன் கதவின் மேல் கை வைத்தபடி குனிந்து நிற்கிறான். உங்களுக்கும் ஒரு அக்காவோ தம்பியோ இருப்பார்கள். அவன் என்ன சொல்ல வேண்டும்?